ஞானமுத்துத் துரையின் அடக்கம் எப்போது?

அறுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பள்ளிமுனையில் ஞானமுத்துத் துரை என்று ஒருவரைப் பாலில் நஞ்சு கலந்து கொன்றுவிட்டார்களாம் என்ற செய்தி, காலைப் பூசை முடிந்து சனம் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் பிறந்துவிட்டது. மதியத்துக்குள் எருக்கலம்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது துரைக்கு இரண்டு பெண்சாதிகள் இருந்தார்கள். தலைமன்னாரில் அவர் வெள்ளைக்காரராகிவிட்டார். பாலத்தைக் கடந்து பொழுதுபடும் நேரம் அடம்பன் சந்தைக்கு வந்தபோதோ, பிரேதத்தைச் சாக்கில் கட்டிக் கடலில் போட்டதைக் கண்ணால் கண்ட ஒருவர், பேர் சொல்ல விரும்பாமல், வெற்றிலைக் கடையில் நின்று விவரித்துக்கொண்டிருந்தார்.

இதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் போனால், முதலில் மரணப் பதிவில் அப்படி ஒரு பெயரே இல்லை. சவக்காலையில் குழி வெட்டும் யோசேப்புக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "போன மாசம் தாட்டது ரெண்டு பேர். ஒராள் கிழவன். மற்றாள் அவரிலும் கிழவன். துரைமார் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரேல்லை. வந்தால் எனக்குச் சொல்லாமல் எங்க போய்ப் படுக்கிறது?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். நியாயமான கேள்வி.

கடைசியில் பிரேதம் அகப்பட்டது. பள்ளிமுனைச் சனசமூக நிலைய வாசிகசாலையில், கண்ணாடி உடைந்த அலுமாரியின் இரண்டாம் தட்டில், தையல் கலைக்கும் கூட்டுறவுச் சட்டத்துக்கும் நடுவில், ஒரு புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், ஞானமுத்துத் துரை கையில் வெள்ளிக் கிண்ணத்தோடு குப்புற விழுந்து கிடந்தார். அந்தப் பக்கத்தில் அவர் முதற்பதிப்பிலிருந்தே, முப்பது வருசமாக, விழுந்து கிடக்கிறார்.

அந்த அலுமாரியின் திறப்பு பெற்றிசியாவின் இடுப்பில் இருந்தது.

பெற்றிசியாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. தகப்பன் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். அதனால் அவள் எழுத்துப் பழகியது சிலேற்றில் அல்ல, வள்ளத்து அணியத்தில். அவள் எழுதும் அ னாவை இருபது பாகம் தள்ளி நின்றும் வாசிக்கலாம். எஸ்.எஸ்.சி. சோதனையில் தமிழில் திறமைச் சித்தி, சமயத்தில் திறமைச் சித்தி, கணக்கில் மூன்று தரமும் கோட்டை விட்டவள். கணக்குப் படிப்பித்த அருளப்பு மாஸ்ரர் இளைப்பாறிச் சனசமூக நிலையத்துக்குத் தலைவராக வந்தபோது, பழைய குற்றவுணர்வோ என்னவோ, அவளை வாசிகசாலைப் பொறுப்பாளராகப் போட்டார். தற்காலிகமாக. அந்தத் தற்காலிகத்துக்கு நாலு வயதாகியிருந்தது.

அவளிடம் இன்னொரு சொத்தும் இருந்தது. குரல். தவக்காலத்தில் யேசுவின் பாடுகளை இராகத்தோடு சொல்லும் பசானை வாசிக்கத் தொடங்கினாளென்றால், கர்த்தர் சிலுவை சுமந்து போகும் இடத்தில் பள்ளிமுனைப் பெண்கள் மட்டுமல்ல, வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்களும் மூக்கைச் சிந்துவார்கள். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் அழுவார்கள். அதுதான் வாசிப்பு என்பது அந்த ஊரின் எண்ணம்.

அந்த வருசம் பட்டின சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டிசெம்பர் முடிவதற்குள் வாசிகசாலையில் அறுபது அங்கத்தவர் சேராவிட்டால் உதவிப்பணம் நிறுத்தப்படும், கட்டிடம் மண்ணெண்ணெய் வைக்கக் கொடுக்கப்படும் என்று. சேர்ந்துவிட்டால் பொறுப்பாளர் நிரந்தரமாக்கப்படுவார். இருந்த அங்கத்தவர் பத்தொன்பது பேர். பத்தொன்பதும் ஆண்கள். பத்தொன்பது பேரும் பின்னேரம் வந்து ஒரே பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டு, தங்கள் பெயர் அதில் இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறவர்கள்.

பெண்கள் ஏன் வரவில்லை என்றால், வாசிகசாலை திறக்கும் நேரம் அவர்கள் அடுப்படியில். காலையிலோ மீன் வாடியில். வள்ளங்கள் வந்த பிறகு பத்து மணியிலிருந்து பொழுது உச்சிக்கு வரும்வரை, நாற்பது ஐம்பது பெண்கள் ஓலைக் கொட்டிலின் கீழ் இருந்து மீன் வெட்டி, உப்புப் போட்டு, பாயில் பரவுவார்கள். கை ஓயாது. காது சும்மா இருக்கும்.

அந்தக் காதுகளைப் பார்த்துத்தான் பெற்றிசியா ஒக்ரோபர் மாதத்து ஒரு காலையில் புத்தகமும் கையுமாக வாடிக்குப் போனாள்.

கொண்டு போனது 'வெண்தாழைப் பங்களா'. தலைமன்னாரில் வேலை பார்த்து மாற்றலாகிப் போன ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் விட்டுப்போன புத்தகம். பதினாலு பதிப்புக் கண்ட பழம்பெரும் துப்பறியும் நாவல். ஒரு மலைப் பங்களா, ஏழு பேர், மழையில் பாலம் உடைந்து வெளியே போக வழியில்லை, பிறந்தநாள் இரவில் பால் குடித்த துரை செத்து விழுகிறார், ஒரு இன்ஸ்பெக்டர் நனைந்த குடையோடு வருகிறார். அவளே ஒன்பது தரம் வாசித்திருந்தாள். ஒன்பதாவது தரமும் கொலைகாரரைக் கண்டு திடுக்கிட்டவள்.

வாடியில் அந்தப் பெண்களுக்குத் தலைவி என்று ஒருவரும் தெரிவு செய்யாமலேயே தலைவியாக இருந்தவள் திரேசம்மா. ஐம்பது வயது, கடலுக்குப் போன புருசன் பன்னிரண்டு வருசமாகத் திரும்பவில்லை, சூரை மீனை ஒரே வெட்டில் பிளப்பாள். பெற்றிசியா முதல் பக்கத்தை வாசித்து முடிக்குமுன் கத்தியை உயர்த்தினாள்.

"பிள்ளை, என்ன இது, றேடியோவில காலநிலை சொல்லுற மாதிரி? எங்களுக்கு விளங்கிற மாதிரி வாசி."

"எப்பிடி அக்கா?"

"பசான் வாசிக்கிற மாதிரி."

"இது பசான் இல்லை அக்கா. இன்ஸ்பெக்டர் வாறார்."

"வரட்டுமன். அவரும் இராகத்தோட வரட்டும்."

அன்றிலிருந்து 'வெண்தாழைப் பங்களா' பசான் இராகத்தில் நடந்தது. 'இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார்' என்ற வசனம் பெற்றிசியாவின் தொண்டையிலிருந்து இழுபட்டு, நடுங்கி, இறங்கி வந்தபோது, அந்தக் குடை ஏதோ நமக்காகவே மடங்கியதுபோல் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். மீன் வெட்டும் வேகமும் குறையவில்லை என்று வாடிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரே சொன்னார்.

ஆறாம் அத்தியாயத்தின் கடைசியில், பூட்டிய அறைக்குள் யாரோ இருமுகிற இடத்தில், அவள் புத்தகத்தை மூடினாள்.

"மிச்சம்?"

"மிச்சம் வேணுமெண்டால் வாசிகசாலையில அங்கத்தவராச் சேருங்கோ. ஆளுக்கு ஒரு கிழமை வீட்டை கொண்டுபோகலாம்."

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதே" என்றாள் கொட்டிலின் மூலையிலிருந்து ஒருத்தி.

"மகளுக்குத் தெரியும்தானே. மகள் வாசிக்கட்டும், நீங்கள் இருமினது ஆரெண்டு கண்டுபிடியுங்கோ."

வாடியில் அவள் வாங்கிய ஏச்சை இங்கே அச்சேற்ற முடியாது. ஆனால் அந்த வாரமே நாற்பத்தொரு பெண்கள் உப்புக் கையோடு வந்து அங்கத்துவ ரிக்கற் எடுத்தார்கள். கணக்கில் மூன்று தரம் தவறியவள், பத்தொன்பதையும் நாற்பத்தொன்றையும் கூட்டி, விடை சரிதானா என்று மூன்று தரம் பார்த்தாள். ஒரே ஒரு புத்தகம், நாற்பத்தொரு பேர். வரிசைப் பட்டியல் சுவரில் தொங்கியது. சபைக் கணக்கு முடிந்து தை மாதத்திலிருந்துதான் புத்தகம் வீட்டுக்குப் போகும் என்றாள் பெற்றிசியா. அதுவரை பொறுக்கமாட்டாமல் எல்லோரும் கெஞ்சியதால், கடைசி அத்தியாயங்களைத் தவிர்த்து, வாடி வாசிப்பும் நாளுக்கு இரண்டு பக்கமாக நகர்ந்தது.

வினை வேறு இடத்தில் விளைந்தது.

துரை செத்த அத்தியாயத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் பங்களாக்காரர் எல்லோரும் கூடத்தில் கூடியிருந்து தேநீர் குடிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கிறார். அந்த இடத்தில் திரேசம்மா வெட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"பிள்ளை, அடக்கம் எப்ப?"

பெற்றிசியா பக்கத்தைப் புரட்டினாள். "எழுதேல்லை அக்கா."

"பிரேதம் எங்க?"

"மேல் அறையில. துணி போட்டு மூடிக் கிடக்கு."

"கீழ தேத்தண்ணி குடிக்கினமோ?"

"ஓம். பிஸ்கற்றும்."

"ஒருத்தரும் அழேல்லையோ?"

"மகள் மயங்கி விழுந்தவ."

"மயங்கிறது அழுகை இல்லை, பிள்ளை. மயங்கிறது மயங்கிறது." திரேசம்மா சுற்றிப் பார்த்தாள். மற்றப் பெண்களும் நிறுத்தியிருந்தார்கள். "ஏழு பேர் இருக்கிற வீட்டில ஒரு மெழுகுதிரி கொளுத்த ஆளில்லை. இன்ஸ்பெக்டர் எல்லாரிட்டையும் எங்க நிண்டனி, எங்க நிண்டனி எண்டு கேக்கிறார். செத்த மனிசன் எங்க போறார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நவம்பர் மாதம், மோட்சம் சேரக் காத்து உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கடதாசியில் எழுதிக் கோயில் பெட்டியில் போட, ஞாயிறு பூசையில் சாமியார் அவற்றை வாசித்துச் செபிப்பார். எழுதத் தெரியாத பெண்களுக்கு எழுதிக் கொடுப்பது பெற்றிசியாவின் வேலை. பெயரோடு அடையாளமும் வரும், ஏனென்றால் ஊரில் அந்தோனிப்பிள்ளைமார் அதிகம். 'கடலுக்குப் போய் வராத', 'தென்னையால் விழுந்த', 'காய்ச்சலில் போன' என்று.

திரேசம்மா தகப்பனைச் சொன்னாள், புருசனைச் சொன்னாள், பிறந்த அன்றே செத்த பிள்ளையைச் சொன்னாள். பிறகு, "எழுது. ஞானமுத்துத் துரை. பாலில நஞ்சு குடுத்துக் கொல்லப்பட்டவர்" என்றாள்.

பெற்றிசியாவின் பேனை அந்தரத்தில் நின்றது. "அக்கா, இது கதையெல்லோ."

"அது எனக்குத் தெரியாதோ? எழுது."

அவள் எழுதினாள். வள்ளத்துக்கு எழுதும் அதே தெளிவான எழுத்தில்.

சாமியார் ஓகஸ்டில்தான் மாற்றலாகி வந்தவர். ஊரில் செத்தவர் யார், சாகாதவர் யார் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலில் போனவருக்கும் தென்னையால் விழுந்தவருக்கும் நடுவில், நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'பாலில் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட ஞானமுத்துத் துரை.' கோயில் ஒரு கணம் மூச்சை நிறுத்தியது. வாடிப் பெண்கள் நாற்பத்தொரு பேர் மட்டும் அமைதியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அடம்பன் கதிர்காமு வழமைபோல் முதல் பஸ்ஸில் இரண்டு பால் கலன்களோடு வந்து இறங்கினார். கடையடியில் விட்டிருந்த சைக்கிளில் கலன்களைக் கட்டிக்கொண்டு பள்ளிமுனைக்குள் மணியடித்துப் போனார். ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்த ஒரு கதவும், "நாங்கள் இப்ப வெறுந் தேத்தண்ணிதான்" என்று சொல்லிச் சாத்திக்கொண்டது. செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. வியாழக்கிழமை கதிர்காமு விசாரித்து, வழி பிடித்து, வாசிகசாலை வாசலில் வெறுங்கலனை ணங்கென்று வைத்தார்.

"தங்கச்சி, நாலு நாள் பாலும் தயிராப் போச்சு. தயிரெல்லாம் மோராப் போச்சு. வீட்டில நாய்கூட மோர்ச் சட்டியைக் கண்டால் எழும்பிப் போகுது. ஆர் இந்தத் துரை? அவற்றை வீட்டை ஒருக்காக் காட்டு."

பெற்றிசியா புத்தகத்தைக் காட்டினாள். கதிர்காமு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நேரே அருளப்பு மாஸ்ரரிடம் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்.

அருளப்பு மாஸ்ரரிடம் ஒரு வட்ட றப்பர் முத்திரை இருந்தது. 'வாசிக்கத் தக்கது.' சனசமூக நிலையத்துக்கு வரும் எந்தப் புத்தகமும் அந்த முத்திரை விழாமல் தட்டில் ஏறக்கூடாது. கோழி நோய்கள் பற்றிய புத்தகத்துக்கு அட்டையைப் பார்த்தவுடனேயே குத்தினார். ஆனால் 'வெண்தாழைப் பங்களா' தோட்டக்கலை என்று நினைக்கப்பட்டு, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டு, முத்திரை இல்லாமலே மூன்று வருசம் அலுமாரியில் குடியிருந்தது தெரியவந்தபோது, மாஸ்ரருக்குக் கொலையைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி.

சனிக்கிழமை விசாரணை. முத்திரை விழாவிட்டால் புத்தகம் வெளியே. புத்தகத்துக்காகச் சேர்ந்த நாற்பத்தொரு ரிக்கற்றும் செல்லாது. வாசிகசாலைக்கு மண்ணெண்ணெய். பெற்றிசியாவுக்கு வீடு. இதை மாஸ்ரர் அவளிடம் கணக்குப் பாடம் மாதிரிப் படிபடியாக விளக்கினார். இந்த முறை அவளுக்கு விளங்கியது.

விசாரணைக்கு மாஸ்ரர், சாமியார், கதிர்காமு ஆகியோருக்குத்தான் கதிரை போடப்பட்டிருந்தது. ஆனால் வாடி முழுவதும் வெட்டுக் கத்தியோடு வந்து சுவரோரமாக நின்றது. வேலையால் நேரே வந்தார்கள் என்பதுதான் காரணம். வேறு காரணம் இல்லை என்று திரேசம்மா இரண்டு தரம் சொன்னாள்.

மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்தார். "கொலைக் கதை. இதை வாசிக்கிற பெண்பிள்ளையள் நஞ்சு வைக்கப் பழகமாட்டினம் எண்டதுக்கு என்ன உத்தரவாதம்?"

"மாஸ்ரர், உங்களிட்டை என்ரை மகன் எட்டு வருசம் கணக்குப் படிச்சவன்" என்றாள் திரேசம்மா. "இண்டைக்கும் சில்லறை மாத்தத் தெரியாது. எட்டு வருசத்தில கணக்குப் பழகாததுகள் ஒரு மாசத்தில நஞ்சு பழகுமோ?"

மாஸ்ரர் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார்.

சாமியார் மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். "இது ஆற்றை எழுத்து?"

பெற்றிசியா எழும்பி நின்றாள். "என்ரை எழுத்து, சாமி."

"கதையில வாற ஆளெண்டு தெரிஞ்சுதான் எழுதினனியோ?"

"ஓம் சாமி."

"பிறகேன்?"

"ஒன்பது தரம் வாசிச்சனான், சாமி. ஆர் கொண்டது, எப்பிடிக் கொண்டது எண்டு ஒன்பது தரமும் ஓடி ஓடித் தேடினனான். அந்த மனிசனை எப்ப தாட்டவை எண்டு ஒருக்காக்கூட எனக்கு யோசினை வரேல்லை. இவை முதல் தரம் கேக்கேக்கையே கேட்டுப்போட்டினம். எனக்கு வெக்கமாப் போச்சு. அதுதான் எழுதினனான்."

"அந்த ஆத்துமா இப்ப எங்க இருக்கிறதா நினைக்கிறீங்கள்?" என்று சாமியார் பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்று சிலர் சொல்வார்கள்.

"அது உங்கட கந்தோர் வேலை, சாமி" என்றாள் திரேசம்மா. "நாங்கள் கடதாசி போடுவம். சேர்க்கிறது நீங்கள்."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "நான் இந்த மாசம் முந்நூறு பேர் வாசிக்கிறன். அதில ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. முந்நூற்றோராவது ஆளைத் தெரியாததால ஒரு குறையும் வந்துவிடாது. துரைக்குத் தேவைப்படாவிட்டால் அந்தச் செபம் கேக்க ஆளில்லாத வேற ஆருக்கும் போகும். ஆனால் ஒண்டு. நல்லவைக்கு மட்டும் செபிக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. புத்தகத்தில எத்தினை பேர் சாகினமோ அத்தினை பேரையும் எழுதோணும். கொலைகாரர் செத்தால் அவரையும்."

பெண்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. கொலைகாரருக்குச் செபம் என்பது அவர்கள் ரிக்கற் எடுத்தபோது சொல்லப்படாத விசயம். கடைசியில் திரேசம்மா தலையை ஆட்டினாள்.

"அப்ப என்ரை பால்?" என்றார் கதிர்காமு.

அதுதான் முடிச்சு. "புத்தகத்தைத் தடை செய்யச் சொல்லி நான் வரேல்லை, ஐயா. பால் குற்றவாளியோ இல்லையோ, அதை இந்தச் சபையில ஒருக்காச் சொல்லுங்கோ. நான் போறன்."

"பாலில நஞ்சு எண்டு நாற்பத்து மூண்டாம் பக்கத்தில கிடக்குது" என்றார் மாஸ்ரர். "ஆகவே பொதுசன ஆகாரத்துக்குக் கேடு. நான் முத்திரை குத்தேலாது."

பெற்றிசியா புத்தகத்தின் பின்பக்கங்களுக்குள் விரலை விட்டாள். ஏனென்றால் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் பால் விடுதலையாகிறது. நஞ்சு பாலில் இல்லை. அது சீனிக் கிண்ணத்தில் இருந்தது. சீனி போட்டது யார் என்பதில்தான் முழுக் கதையும் நிற்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்தால் கதிர்காமுவின் பால் தப்பும், புத்தகம் தப்பும். ஆனால் சுவரோரம் நிற்கிற நாற்பத்தொரு பேருக்கும் கதை அந்த இடத்திலேயே செத்துவிடும். செத்த கதைக்கு யார் ரிக்கற் வைத்திருப்பார்கள்? வாசித்தாலும் மண்ணெண்ணெய். வாசிக்காவிட்டாலும் மண்ணெண்ணெய்.

"கதிர்காமு அண்ணை, இஞ்சாலை ஒருக்கா வாங்கோ" என்றாள்.

யன்னலடிக்குக் கூட்டிப் போய், "ஒரு பக்கம் காட்டுறன். ஒருத்தருக்கும், வீட்டில அக்காவுக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ" என்றாள்.

"பிள்ளையார் அறியச் சத்தியம்."

கதிர்காமு வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தார். பாதியில் விரல் நின்றது. புருவம் ஏறியது. புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "எனக்கு முறைப்பாடு இல்லை. பால் சுத்தம்."

"என்ன ஆதாரம்?" என்றார் மாஸ்ரர்.

"சொல்லமாட்டன். சத்தியம் பண்ணிப்போட்டன்."

"அப்ப நஞ்சு எதில?" நாற்பத்தொரு வாய்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

"தங்கச்சியைக் கேளுங்கோ. எனக்கு வாய் கட்டு."

முறைப்பாட்டுக்காரரே முறைப்பாட்டை மீட்டுக்கொண்ட பிறகு மாஸ்ரருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் முத்திரையை அப்படியே குத்தவும் மனம் ஒப்பவில்லை. புத்தகத்தின் முதல் தாளில், கணக்கு வாத்தியாரின் நேர்க்கோட்டு எழுத்தில் எழுதினார். 'வாசிக்கத் தக்கது. இறந்தோர் அனைவருக்கும் செபிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன்.' அதற்குமேல் முத்திரை விழுந்தது. துப்பறியும் நாவல்களின் நன்மை தீமை பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் தீர்ப்புச் சொன்னதில்லை.

தேநீர் வந்தது. கதிர்காமுவின் பாலே ஊற்றிய தேநீர். வைரவர் சூலம் பிடிக்கிற மாதிரிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, சீனிக் கிண்ணம் தன் பக்கம் வந்தபோது, அவர் அதைச் சட்டென்று கையால் தள்ளினார். "எனக்குச் சீனி வேண்டாம்!"

திரேசம்மாவின் கண் சீனிக் கிண்ணத்திலிருந்து கதிர்காமுவுக்கும், கதிர்காமுவிலிருந்து பெற்றிசியாவுக்கும் போனது.

"அவருக்குச் சலரோகம்" என்றாள் பெற்றிசியா. யோசிக்காமல் வந்த பொய்.

"ஐயோ பாவம்" என்றது கூடம்.

கதிர்காமு வாயைத் திறந்தார். பெற்றிசியா அவரைப் பார்த்தாள். பிள்ளையார் அறியச் செய்த சத்தியம் தொண்டையில் நிற்க, அவர் வாயை மூடிச் சீனி இல்லாத தேநீரைக் குடித்தார்.

திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு படலையிலும் தன் பாலைத் தானே ஒரு வாய் குடித்துக் காட்டி விற்றார். முதலில் வாங்கியது திரேசம்மா. இரண்டு கிழமையில் பள்ளிமுனை பழையபடி பாலுக்குத் திரும்பியது. ஆனால் எந்த வீட்டிலும் அவருக்குக் கொடுத்த தேநீரில் சீனி இல்லை. ஒரு வீட்டில் பாகற்காய்ச் சாறும் கொடுத்தார்கள். குடித்தார்.

செய்தி அடம்பனுக்குப் போகாமல் இருக்குமா? பத்தாம் நாள் அவர் மனைவி இராசேஸ்வரி பஸ்ஸேறி வந்து வாசிகசாலையில் நின்றாள். "என்ரை மனிசனுக்குச் சலரோகம் எண்டு ஊரெல்லாம் சொன்னது நீதானோ? அந்த மனிசன் வீட்டில ஒளிச்சு ஒளிச்சுப் பனங்கட்டி தின்னுது. கேட்டால் சத்தியம் எண்டுது. என்ன சத்தியம்?"

"என்னாலயும் சொல்லேலாது அக்கா" என்றாள் பெற்றிசியா. "புத்தகத்தை வாசிச்சால் உங்களுக்கே விளங்கும்."

"தா."

"வரிசை கிடக்கு."

இராசேஸ்வரி சுவரில் தொங்கிய வரிசையைப் பார்த்தாள், பெற்றிசியாவைப் பார்த்தாள், கடைசியில் அறுபத்தோராவது ரிக்கற்றில் கையெழுத்துப் போட்டாள்.

வாடி வாசிப்பு நிபந்தனைப்படி தொடர்ந்தது. பதினோராம் அத்தியாயத்தில், துரையின் வீட்டு வேலைக்காரி செல்லம் படிக்கட்டில் தள்ளப்பட்டுச் செத்தபோது பெற்றிசியா புத்தகத்தை மூடினாள். கத்திகள் கீழே வைக்கப்பட்டன. மூன்று 'அருள் நிறைந்த மரியே.' கருவாடு வாங்க எருக்கலம்பிட்டியிலிருந்து வந்து, விலை பேச மறந்து, ஒரு மாதமாகக் கதை கேட்டுக்கொண்டிருந்த உம்மு ஸல்மா தானும் கை ஏந்தி உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு, "சரி புள்ள, மத்தப் பக்கத்தத் திருப்பு" என்றாள். செல்லத்தின் பெயர் அந்த வாரமே பெட்டிக்குள் விழுந்தது. படிக்கட்டால் விழுந்தவர் என்று மட்டும் எழுதினார்கள். படிக்கட்டு விற்கிறவர் ஊரில் ஒருவரும் இல்லாததால் தொல்லை வரவில்லை.

மாசி மாதம் சபைக் கடிதம் வந்தது. பெற்றிசியா நிரந்தரம். அவள் அதை வாசித்துவிட்டு, மடித்து, வரிசைப் பட்டியலைத் தூக்கிப் புதுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். பழைய தாளில் இடம் போதவில்லை.

மிச்சம் இருப்பது கொலைகாரர்.

கதையின் கடைசிப் பக்கத்தில் அவர் தூக்கில் போகிறார். வரிசையில் முதல் ஆளாக வாங்கி, மகனை வாசிக்கவைத்துக் கேட்டு முடித்த திரேசம்மா மூன்று நாள் ஒருவரோடும் பேசவில்லை. நான்காம் நாள் வாசிகசாலைக்கு வந்தாள். "எழுது" என்றாள். "சாமிக்குச் சொன்ன சொல்லு. ஆனால் சின்ன எழுத்தில எழுது."

பெற்றிசியா எழுதினாள். வாழ்க்கையிலேயே அவள் எழுதிய மிகச் சின்ன எழுத்து. பெயர், பிறகு 'தூக்கில் இறந்தவர்'. மடித்தாள். கோயில் பெட்டிவரை கொண்டுபோனாள். பெட்டியின் வாயில் வைத்த கையைப் பிறகு இழுத்துக்கொண்டாள்.

போட்டால் சாமியார் ஞாயிறு பூசையில் அதைச் சத்தமாக வாசிப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் முன் வாங்கில் இருப்பார்கள்.

வருசம் மூன்று போய்விட்டது. புத்தகத்துக்கு இரண்டு தரம் அட்டை கட்டியாகிவிட்டது. நவம்பர் வந்தால் சாமியார் பூசை முடிந்து, உடுப்பு மாற்றும் அறை வாசலில் அவளை மறித்துக் கேட்பார்.

"பிள்ளை, உங்கட ஆக்கள் எனக்கு ஒரு ஆத்துமா தரக் கிடக்குதெல்லோ?"

"ஓம் சாமி. மறக்கேல்லை. வரிசை முடியட்டும்."

"இன்னும் எத்தினை பேர்?"

போன நவம்பர் அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பேசாலையிலிருந்து அன்று காலைதான் நாலு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள்.

"இருபத்திமூண்டு, சாமி."